ஏவுகணை வருவது விமானிக்கு எப்படித் தெரியும்?

மன்னார்குடியில் படிக்கும் கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தஞ்சாவூர் மேலே பறக்கும் சுகோய் மாதிரியான விமானத்தை நோக்கி ஏவுகணை வந்தால் விமானிக்கு எப்படித் தெரியும்? சினிமாவில் 'பீப் பீப்' என்று சத்தம் வருகிறதே, நிஜத்திலும் அப்படித்தானா? தெரிந்துவிட்டால் தப்பிவிடலாமா? அந்தக் கருவிகளை எவ்வளவு நம்பலாம்?"

சத்தம் வரும், அது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் "ஏவுகணை வருகிறது" என்று சொல்வதில்லை. "உன்னை ஒரு ரேடார் உற்றுப் பார்க்கிறது" என்றோ, "அந்தத் திசையில் ஏதோ எரிந்துகொண்டு வருகிறது" என்றோதான் சொல்கிறது. மீதி ஊகம். அந்த ஊகம் எவ்வளவு சரி, அதற்கப்புறம் கையில் எத்தனை விநாடி மிச்சம் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

நான் விமானப்படையில் இருபது வருடம் விமான மின்னணுக் கருவிகளைச் சோதித்துப் பழுது பார்த்தவன். இப்போது திருவையாறு பக்கம் கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு சம்பா, தாளடி என்று காலம் ஓடுகிறது. இதில் ரகசியம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். எல்லாம் வெளியே வந்த விஷயங்கள்தான்.

தஞ்சாவூர் ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது. 2013 மே 27 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி அதை விமானப்படைத் தளமாகத் திறந்துவைத்தார். 2020 ஜனவரி 20-ல் 222-ஆம் படைப்பிரிவு, 'டைகர்ஷார்க்ஸ்', சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களோடு அங்கே வந்தது. பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கக்கூடிய விமானங்கள். புதுக்கோட்டை சாலைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு அந்தச் சத்தம் பழகியிருக்கும். எங்கள் ஊரில் இன்னும் மாடு மிரள்கிறது.

முதல் கருவி ரேடார் எச்சரிக்கை வாங்கி. இது எதையும் வெளியே அனுப்பாது, காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருக்கும். எதிரி ரேடாரின் அலை வந்து பட்டால் பிடித்துக்கொள்ளும். ராத்திரி மடை திறக்கப் போகிறவர் வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் உங்கள் மேல் பட்டு, திரும்ப அவர் கண்ணுக்குப் போனால்தான் அவருக்கு நீங்கள் தெரிவீர்கள். உங்களுக்கோ அந்த வெளிச்சம் ஒருவழி வந்தாலே போதும். தூரம் இரண்டு மடங்கானால் உங்களுக்கு வரும் வெளிச்சம் 4-ல் ஒரு பங்காகக் குறையும். அவருக்குத் திரும்பிப் போவது 16-ல் ஒரு பங்காகக் குறையும். அதனால் அவருக்கு உங்களைத் தெரிவதற்கு வெகு முன்பே, அங்கே ஒருவர் டார்ச்சோடு அலைகிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ரேடார் எச்சரிக்கை வாங்கியின் பலம் இதுதான்.

நம் விமானங்களில் இருக்கும் அந்த வாங்கிக்கு 'தரங்' என்று பெயர். பெங்களூரில் உள்ள பாதுகாப்பு விமான மின்னணு ஆய்வகம் வடிவமைத்து, பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்தது. தரங் என்றால் அலை. நம் தரங்கம்பாடியில் இருக்கிற அதே தரங்கம்.

பொதுவாக இந்த மாதிரி வாங்கிக்கு நான்கு ஆன்டெனா இருக்கும், நான்கு மூலையையும் பார்த்தபடி. எதில் எவ்வளவு பலமாக அலை விழுகிறது என்று ஒப்பிட்டுத் திசையைக் கணக்கிடும். துல்லியம் சுமார்தான். பத்துப் பதினைந்து டிகிரி முன்பின்னாக இருக்கும். அப்புறம் வந்த அலையின் அதிர்வெண் என்ன, துடிப்பு எவ்வளவு அகலம், துடிப்புக்கும் துடிப்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து, ஏற்கனவே ஏற்றி வைத்திருக்கும் பட்டியலோடு பொருத்திப் பார்க்கும். பொருந்தினால் வட்டத் திரையில் ஒரு குறி வரும்: இன்ன ரகத் தரை ரேடார், இன்ன ரக விமானம், இந்தத் திசை.

சத்தத்துக்கு வருவோம். பல பழைய கருவிகளில் விமானியின் காதில் கேட்டது எதிரி ரேடாரின் துடிப்பேதான். அந்த ரேடார் விநாடிக்கு 1000 துடிப்பு அனுப்பினால் 1000 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒரு கீச்சு. ரேடார் சுற்றிச் சுற்றித் தேடும்போது நம் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு கீச்சு, பிறகு அமைதி. நம்மையே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால் இடைவெளியில்லாமல் ஒரே இழுவை. சினிமாவில் காட்டுவது அந்த அளவில் பொய்யில்லை. அனுபவப்பட்ட விமானிகள் திரையைப் பார்க்காமலே இது இன்ன ரேடார் என்று சொல்லிவிடுவார்கள். திருவையாற்றில் ஆராதனை சமயத்தில் தெருவில் நடந்துபோகிற ஒருவர், உள்ளே யார் பாடுகிறார் என்று குரலை வைத்தே சொல்கிற மாதிரி.

போர் விமானத்துக்கு இந்தக் காது வந்த கதைக்கு ஒரு தேதி உண்டு. 1965 ஜூலை 24-ல் வடவியட்நாம் மேலே அமெரிக்க எஃப்-4 விமானம் ஒன்றைச் சோவியத் எஸ்-75 ஏவுகணை வீழ்த்தியது. அதற்குப் பிறகுதான் அவசர அவசரமாக அமெரிக்கர்கள் தங்கள் போர் விமானங்களில் இந்த வாங்கிகளைப் பொருத்தினார்கள்.

அந்தப் பட்டியல் சொன்னேனே, அங்கேதான் முதல் ஓட்டை. பட்டியலில் இல்லாத ரேடார் வந்தால் கருவி முழிக்கும். 1973 அக்டோபர் போரில் இஸ்ரேலுக்கு இதுதான் நடந்தது. எகிப்தும் சிரியாவும் வைத்திருந்த சோவியத் 'கூப்' ஏவுகணைகள் தொடர் அலையால் வழிநடத்தப்பட்டவை. துடிப்பு துடிப்பாக வரும் அலைக்குப் பழகிய இஸ்ரேலியக் கருவிகளுக்கு அது பிடிபடவில்லை. முதல் சில நாட்களில் விமானங்கள் கொத்தாக விழுந்தன. அமைதிக் காலத்தில்கூட நாடுகள் எல்லையோரமாக உளவு விமானங்களை அனுப்பி அடுத்தவன் ரேடார் ஒலியைப் பதிவு செய்துகொண்டே இருப்பது இதனால்தான். பெட்டியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், பட்டியலை யாரும் விற்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் ஒரு போர் விமானத்தின் எச்சரிக்கைத் திறனில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதுவதே இல்லை. எழுத ஒன்றும் கிடைக்காது என்பதும் உண்மை.

இரண்டாவது ஓட்டை, எதிரியின் பொறுமை. 1995 ஜூன் 2-ல் போஸ்னியா மேலே ஸ்காட் ஓ'கிரேடி என்ற அமெரிக்க விமானியின் எஃப்-16 விழுந்தது. கீழே இருந்த செர்பியர்கள் ரேடாரை அணைத்து வைத்துக் காத்திருந்து, விமானம் நல்ல வாகாக வந்த பிறகுதான் போட்டார்கள். எச்சரிக்கை வந்தது. நேரம்தான் இல்லை.

மூன்றாவது, இன்றைய சிக்கல். முன்பெல்லாம் ஏவுகணை இலக்கில் மோதும் வரை ஏவிய விமானத்தின் ரேடார் இலக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் மாட்டிக்கொண்டவருக்கு விடாமல் சத்தம் கேட்கும். இப்போதைய ரேடார் தேடிக்கொண்டே தொடரும். பார்த்தவுடன் பிடித்துக்கொண்டு நிற்காது. ஏவுகணை கிளம்பி, நடுவழியில் தாய் விமானத்திடமிருந்து வானொலித் தொடர்பில் திருத்தம் வாங்கிக்கொண்டு வந்து, கடைசிக் கட்டத்தில் மட்டும் தன் மூக்கில் இருக்கும் சின்ன ரேடாரைப் போடும். அமெரிக்காவின் அம்ராம், ரஷ்யாவின் ஆர்-77, ரஃபேல் சுமக்கும் மீட்டியர் எல்லாம் இந்த ஜாதி. எச்சரிக்கை வாங்கிக்கு முதலில் கேட்பது வழக்கமான தேடல் கீச்சு மட்டும். ஏவுகணையின் சொந்த ரேடார் குரல் கேட்கும்போது அது ஏற்கனவே தெருமுனைக்கு வந்திருக்கும்.

இதெல்லாம் ரேடாரால் வரும் ஏவுகணை. வெப்பத்தைத் தேடி வருவதற்கு ரேடாரே வேண்டாம். அதுவும் சும்மா பார்த்துக்கொண்டு வருகிற கண்தான், அலை எதையும் விடாது. தரங்கோ வேறெதுவோ, காது எவ்வளவு கூர்மையானாலும் ஊமையின் பேச்சு கேட்காது. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகள் இந்த வகை. கார்கில் போரில் 1999 மே 21-ல் நம் கேன்பெரா உளவு விமானத்தின் வலது என்ஜினில் ஒன்று வந்து அடித்தது. அதில் பறந்த பெருமாளும் ஜாவும் ஒற்றை என்ஜினில் அதை ஸ்ரீநகரில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு வாரம் கழித்து மே 28-ல் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்று வீழ்ந்தது, நான்கு பேர் போனார்கள். அன்று கூடப் போன மற்ற ஹெலிகாப்டர்களைப் போல அதில் ஏவுகணையை ஏமாற்றத் தீப்பொறி வீசும் வசதி இல்லை.

எனவே இரண்டாவது கருவி: ஏவுகணை நெருங்குவதைப் பார்க்கும் எச்சரிக்கை. இதில் மூன்று வழி உண்டு.

ஒன்று, புற ஊதாக் கண். சூரிய ஒளியில் சுமார் 280 நானோமீட்டருக்குக் கீழ் உள்ள புற ஊதாவை ஓசோன் படலம் மேலேயே குடித்துவிடுகிறது. அந்த நிறத்தில் மட்டும் பார்க்கும் கண்ணுக்குப் பட்டப்பகலிலும் வானம் அமாவாசை. அந்த இருட்டில் ஏவுகணையின் வால் நெருப்பு பளிச்சென்று தெரியும். விலை குறைவு, எளிமை. ஆனால் சில கிலோமீட்டருக்கு அப்பால் காற்றே அந்த ஒளியை மங்கடித்துவிடும். மேலும் ஏவுகணை மோட்டார் எரிவது சில விநாடிதான். அணைந்த பிறகு வெறும் வேகத்தில் வரும் ஏவுகணை இதற்குத் தெரியாது. தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் சரக்கு விமானங்களுக்கும் பொருத்தம். இன்னொரு வேடிக்கை, எங்கேயாவது வெல்டிங் வைத்தால் இதற்குத் தூக்கிவாரிப் போடும்.

இரண்டாவது, அகச்சிவப்புக் கண். போர் விமானங்களில் இன்று அதிகம் பேசப்படுவது இதுதான். மோட்டார் அணைந்த பிறகும் காற்று உரசிச் சூடான ஏவுகணையின் உடம்பு இதற்குத் தெரிய வாய்ப்பு உண்டு, தூரமும் அதிகம். ரஃபேலின் செங்குத்து வாலில் மீன் கண் லென்ஸ் போட்ட இரண்டு உணரிகள் இருக்கின்றன. அமெரிக்க எஃப்-35-ல் உடம்பைச் சுற்றி ஆறு அகச்சிவப்புக் கேமரா. மலேசியாவிடம் இருக்கும் சுகோய்-30 எம்.கே.எம். விமானம் நம்முடையதற்குத் தம்பி முறை. அதில் ஏவுகணை நெருங்கல் எச்சரிக்கையும் லேசர் எச்சரிக்கையும் ஸ்வீடனின் சாப் நிறுவனத்திடமிருந்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள், ஆனால் அந்த நெருங்கல் எச்சரிக்கை புற ஊதா வகை.

அகச்சிவப்பின் கஷ்டம் என்னவென்றால், கீழே சூடானது எல்லாம் தெரியும். சம்பா நடவு முடிந்த ஐப்பசியில் நம் டெல்டாவை மேலேயிருந்து நினைத்துப் பாருங்கள். தண்ணீர் நிற்கும் வயல் ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடித் துண்டு. விமானம் நகர நகர, சூரியன் ஒரு வயலில் மின்னி அணைந்து அடுத்த வயலில் மின்னும். ஒரே நிறத்தில் பார்க்கும் உணரிக்கு ஒவ்வொரு மின்னலும் ஏவுகணை கிளம்பிய மாதிரி இருக்கும். அத்தோடு செங்கல் காளவாய், ஆலைப் புகைபோக்கி, அப்புறம் நரிமணம், குத்தாலம் பக்கம் எண்ணெய்க் கிணறுகளில் எரிவாயுவை எரித்துவிடும் தீநாக்கு. ஆள்காட்டிக் குருவி ஆளுக்கும் கத்தும், நாய்க்கும் கத்தும், ஆடு மேய்ந்தாலும் கத்தும். நாலு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டு ஐந்தாவது தடவை நாம் படுத்துவிடுவோம். விமானியும் மனிதர்தான்.

அதற்காகத்தான் இரண்டு நிறத்தில் பார்க்கும் உணரி. எரியும் மோட்டாரிலிருந்து வரும் சூடான கரியமில வாயு 4.3 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி அதிகமாக ஒளிரும். தண்ணீரில் மின்னும் சூரியனுக்கு இரண்டு நிறத்துக்கும் உள்ள விகிதம் வேறு. இரண்டையும் வகுத்துப் பார்த்தால் வயல் கழிந்துவிடும். ஆனால் நரிமணத் தீநாக்கு கழியாது. அதுவும் எரிகிற நெருப்புதானே? இங்கே இன்னொரு கணக்கு. கல்லணைக் கால்வாய்க் கரையில் ராத்திரி பைக்கில் வரும்போது கவனித்திருப்பீர்கள். பக்கத்தில் உள்ள வீட்டு விளக்கெல்லாம் பின்னால் நழுவும். எதிரே உங்களை நோக்கி வரும் பஸ்ஸின் விளக்கு மட்டும் அதே இடத்தில் நின்றபடி பெரிதாகும். விமானத்துக்கும் அதேதான். தரையில் எரிவது பார்வையில் நழுவிப் போகும். திசை மாறாமல் பிரகாசம் ஏறிக்கொண்டே இருந்தால் அது உங்களுக்காக வருகிறது. கணினி ஒரு விநாடிக்குள் இதை முடிவு செய்தாக வேண்டும். அவசரப்பட்டால் பொய் எச்சரிக்கை, யோசித்தால் நேரம் போச்சு.

மூன்றாவது வழி, விமானமே தன்னைச் சுற்றிச் சின்ன ரேடார் போட்டுப் பார்ப்பது. ஐரோப்பாவின் டைஃபூன் விமானத்தில் அப்படித்தான். ஏவுகணையை நேரடியாக அளந்து பார்ப்பது இது ஒன்றுதான். தூரம், வேகம், மோத எத்தனை விநாடி எல்லாம் சொல்லும். மேகம், மழை பற்றிக் கவலையில்லை. ஆனால் இருட்டில் ஒளிந்திருப்பவன் தானே டார்ச் அடித்த கதையாகிவிடும்.

சரி, தெரிந்துவிட்டது. நேரம் எவ்வளவு? மாக் 2.5, அதாவது ஒலியைப் போல் இரண்டரை மடங்கு வேகத்தில் வரும் ஏவுகணை விநாடிக்கு ஏறத்தாழ 800 மீட்டர் போகும். திருவையாற்றிலிருந்து தஞ்சைப் பெரிய கோயில் வரை 11 கிலோமீட்டர் என்று வைத்தால், 14 விநாடி. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸுக்கு அரைமணி நேரம். நெருங்கிய சண்டையில் 5 கிலோமீட்டரில் ஏவினால் ஆறு விநாடிதான் மிச்சம். அதில் கருவி முடிவெடுக்க ஒன்று, விமானி புரிந்துகொள்ள ஒன்று கழித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் பல விமானங்களில் தீப்பொறியும் பதரும் தானாகவே வெளியேறும்படி வைத்திருக்கிறார்கள்.

பதர் என்று சொன்னது கேலிக்கு இல்லை. ரேடாரை ஏமாற்ற வீசும் உலோகப் பூச்சுள்ள இழைகளுக்கு ஆங்கிலத்தில் 'சாஃப்' என்றுதான் பெயர். அதற்குப் பதர் என்றே பொருள். களத்தில் தூற்றும்போது நெல் நேரே விழ, பதர் காற்றில் பறக்கிறதே, அதே காட்சிதான். 1943 ஜூலையில் ஹாம்பர்க் மேல் குண்டு போடப் போன பிரிட்டிஷ் விமானங்கள் அலுமினியம் ஒட்டிய காகிதத் துண்டுகளைக் கொட்டின. ஜெர்மன் ரேடாரின் அலைநீளம் 53 சென்டிமீட்டர். துண்டின் நீளம் அதில் பாதி, 27 சென்டிமீட்டர். பாதி அலைநீளம் என்றால் துண்டு நன்றாக எதிரொலிக்கும். இன்றைய போர் விமான ரேடாரின் அலைநீளம் சுமார் 3 சென்டிமீட்டர், ஆகவே இழை ஒன்றரை சென்டிமீட்டர், இரண்டு நெல்லை நீளவாக்கில் வைத்த அளவு. ஜோத்பூர் பாதுகாப்பு ஆய்வகம் நம் போர் விமானங்களுக்கு இதை உள்நாட்டிலேயே உருவாக்கியதாக 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள்.

ஆனால் பதர் வெளியே வந்த உடனே காற்றில் நின்றுவிடும், விமானம் போய்க்கொண்டிருக்கும். வேகத்தை அளக்கும் ரேடாருக்கு எது நெல், எது பதர் என்று பிரிக்கத் தெரியும். அதனால் விமானி பதரை வீசிவிட்டு ஏவுகணைக்குக் குறுக்கே, சரியாகத் தொண்ணூறு டிகிரியில் திரும்புவார். அப்போது ரேடாரை நோக்கி அவர் நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. ரேடார் கணக்கில் அவரும் பதரும் தரையும் ஒன்று. இந்தத் திருப்பத்தைச் சரியாகச் செய்ய ஏவுகணை எந்தத் திசை என்று தெரிய வேண்டும். நான் முன்னே சொன்ன பத்துப் பதினைந்து டிகிரி முன்பின் இங்கேதான் உறுத்தும்.

வெப்பத்தைத் தேடி வருவதற்குத் தீப்பொறி, மக்னீசியம் கலந்த மத்தாப்பு. பழைய ஏவுகணைகள் எது அதிகச் சூடோ அதன் பின்னால் போய்விடும். புதியவை உருவத்தையே படமாகப் பார்க்கின்றன, விமானம் எது மத்தாப்பு எது என்று அவற்றுக்குத் தெரியும். அதனால் பெரிய விமானங்களில் ஏவுகணையின் கண்ணில் லேசரை அடித்துக் குருடாக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. நம் பிரதமர், குடியரசுத் தலைவர் பயணிக்கும் போயிங் 777 விமானங்களுக்கு இந்தத் தற்காப்பு அமைப்பை 19 கோடி டாலர் மதிப்பில் விற்க அமெரிக்கா 2019 பிப்ரவரியில் சம்மதித்தது. போர் விமானங்களில் இது இன்னும் பரவலாக இல்லை. கயிற்றில் பின்னால் இழுத்துப் போகும் பொம்மை இலக்கு டைஃபூனில் உண்டு, அதுவும் நல்ல யோசனை.

தப்பிக்கலாமா என்றால், எட்டத்தில் தெரிந்தால் பெரும்பாலும் தப்பலாம். கருவிகளைவிட எளிய காரணம் உண்டு. ஏவுகணையின் எரிபொருள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதன் பிறகு அது எறிந்த கல். விமானி முதுகைக் காட்டிக் கீழே அடர்ந்த காற்றுக்குள் இறங்கி ஓடினால், துரத்தும் கல்லுக்கு வேகம் செத்துவிடும். மீட்டியர் மாதிரி காற்றை உறிஞ்சிக் கடைசி வரை எரிந்துகொண்டு வருவதிடம் மட்டும் இது அவ்வளவாகப் பலிக்காது. பக்கத்தில் தெரிந்தால் பாதி அதிர்ஷ்டம்.

கடைசியாக, எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி. ஒரு மழைக்காலம், பெயர் சொல்ல வேண்டாத ஒரு தளம். இறங்கி வந்த விமானி, "பின்பக்கம் இடது மூலையிலிருந்து எனக்கு எதுவுமே வரவில்லை, பயிற்சிக்கு வந்த அடுத்த விமானம் முதுகுக்குப் பின்னால் வந்தும் சத்தமில்லை" என்றார். பெட்டியைப் பரிசோதித்தோம், குறை இல்லை. பட்டியல் சரி, திரை சரி. கைத்துப்பாக்கி போல் பிடித்து ஆன்டெனா முன்னால் காட்டும் சோதனைக் கருவி ஒன்று உண்டு, போலி ரேடார் அலையை விடும். மூன்று மூலையில் காட்டினால் திரையில் குறி வந்தது. நான்காவதில் காட்டினேன், மௌனம். மூடியைக் கழற்றி, ஆன்டெனா கம்பி சேரும் இடத்தைத் திருகி எடுத்தால், உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர், சுற்றிப் பச்சைக் களிம்பு. துடைத்து, காயவைத்து, புது வளையம் போட்டு மூடி, மறுபடி காட்டினோம். கீச்சென்றது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம்.